செடிகளை ஏற்றிச் செல்ல ஒரு டெம்போ வேண்டி

ராயபுரம், திருப்பூர்
செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டு வந்ததும்

அன்பும் மரியாதையும் மிகுந்த பூபாலன் மாமாவுக்கு,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் அக்கா மகள் கவிப்பிரியா பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். செடிகள் எங்களைவிடச் சுகம். சிக்கலே அதுதான். மூலனூரில் தாங்களும் அத்தையும் முருங்கைத் தோட்டமும் எந்தக் குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன். ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஃபோனில் பேசினால் அப்பா பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும், கத்தினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

போன வருடம் நீங்கள் ஒரு மணிப்பிளான்ட் கிளையைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தீர்கள், நினைவிருக்கிறதா? அது நீளமாக வளர்ந்ததும் நுனியைக் கிள்ளச் சொல்லி நூலகப் புத்தகத்தில் போட்டிருந்தது, கிள்ளினேன், கிள்ளிய துண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது, வைத்தேன், விட்டது. வேர் விட்ட பிறகு அதைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும் மாமா? இப்படியே ஒவ்வொன்றும் குட்டி போட்டது. தோழிகள் கொடுத்த குரோட்டன்ஸ், சோற்றுக் கற்றாழை, பெரணி என்கிற ஃபெர்ன், பெயர் தெரியாத கோடு போட்ட ஒன்று எல்லாம் வந்து சேர்ந்தன. ஜன்னல் நிறைந்தது. பிறகு ஃபிரிட்ஜ் மேல், பிறகு பாத்ரூம் மேடை, பிறகு அரிசி டிரம் மூடி. அம்மா அரிசி எடுக்க வேண்டும் என்றால் முதலில் குரோட்டன்ஸை இறக்கி வைக்க வேண்டும். “இது ஊடா, நர்சரியா கண்ணு? குடியிருக்கறது நாமளா, அதுகளா?” என்று ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் ஒருமுறை கேட்பார். பெரணிக்கு ஈரக்காற்று வேண்டும் என்று படித்ததால் அதை அப்பாவின் ஸ்டீம் அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அது ஊட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வளர்ந்தது. அப்பா குனிந்து குனிந்து அயர்ன் பண்ணினார். “முடி வெட்டிக்கச் சொல்லு கண்ணு அதை” என்பதோடு விட்டுவிட்டார். அப்பா நல்லவர்.

ஆனால் மணிப்பிளான்ட் செய்ததுதான் வினையாகிவிட்டது. அது ஏறுவதற்குக் கம்பு வேண்டுமே என்று காலி நூல் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டிங் வேஸ்ட் துணியைச் சுற்றி, மெஷினுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். அதற்கு அந்தக் கோனும் மெஷின் மேல் இருக்கிற கோனும் ஒன்றாகவே தெரிந்து, அங்கேயும் படர்ந்துவிட்டது. சனிக்கிழமை அப்பா அவசர லாட் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு இலை பனியன் கழுத்தோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அப்பா பார்க்கவில்லை. பச்சைப் பனியனுக்குள் பச்சை இலை எப்படித் தெரியும்? தெரிந்தது கம்பெனி செக்கிங்கில். நமக்குத் தைக்கத் துணி கொடுக்கும் கம்பெனியின் மேனேஜர் ராமர் அண்ணன் விருதுநகர்ப் பக்கத்துக்காரர், அப்பாவை ‘ஓனரே’ என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பனியனைக் கையில் பிடித்தபடி நேரே வந்துவிட்டார்.

“என்ன ஓனரே, ஆர்கானிக் துணின்னா இலையவும் சேத்துத் தைக்கச் சொன்னமா?”

“ஏனுங்க, தெரியாம நடந்துருச்சுங்க.”

“இன்னொரு இலை வந்துச்சு, அடுத்த லாட்டு வேற ஆளுக்குப் போயிரும், சொல்லிப்புட்டேன்.”

அப்பா தலையாட்டினார். பெரணியும் ஆடியது. ராமர் அண்ணன் படியிறங்கியதும் அம்மா என்னிடம் கத்தவில்லை மாமா. மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. “பொழப்பக் கெடுக்கற எதுவும் இந்த ஊட்டுல இருக்கப் போச்சாது கண்ணு. ஞாயித்துக்கெழமைக்குள்ள அத்தனையும் போயிரோணும். மாமனுக்கு ரோதனை குடுக்காத. அவனுக்கே ஆயிரம் வேலை.”

அம்மா சொன்னது நியாயம். என் செடிகள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எனவே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே மார்க்கெட்டில் முருங்கைக்காய் இறக்கிவிட்டு உங்கள் டெம்போ வெறுமனேதானே திரும்பும்? இவற்றை ஏற்றிக்கொள்ளுங்கள். மணிப்பிளான்டுக்கு வெயில் ஆகாது. கற்றாழைக்குத் தண்ணீர் ஆகாது, அத்தை பாவம் பார்த்து ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரணிக்கு ஈரம் வேண்டும். அங்கே அயர்ன் மேசை இல்லாததால் சோறு வடிக்கும் இடத்துக்கு அருகில் வைக்கலாம். அரையாண்டு விடுமுறையில் வந்து எல்லோரையும் பார்த்துக்கொள்வேன். அதற்குள் நான் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்து அம்மா மனதை மாற்றிவிடுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது.

தங்கள் தோட்டத்தில் பூவெல்லாம் காயாகவும், அத்தையின் முட்டிவலி பஸ் ஏறிப் போகவும் வாழ்த்தி, இருவர் காலையும் தொட்டு வணங்கும்,

கவிப்பிரியா

பின்குறிப்பு, வெள்ளி மாலை: உறை கிடைக்காததால் கடிதம் என் புத்தகப் பையிலேயே இருந்தது. மாமா, மேலே எழுதியதையெல்லாம் நம்ப வேண்டாம். புதன்கிழமை ராமர் அண்ணன் கம்பெனி வேனோடு வந்தார். அப்பா எழுந்து நின்று, “இன்னொன்னு வந்துருச்சுங்களா?” என்றார். “இல்ல ஓனரே, நாளைக்கு கம்பெனியச் சுத்திப் பாக்க ஆடிட்டு. துணி வாங்குற வெளிநாட்டு பையர் வர்றான். பச்சையா ஏதாவது வைக்கச் சொல்லி மேலிடத்துல உயிர எடுக்காக. பாப்பா செடியக் குடுங்க!” எல்லாச் செடிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். பெரணிக்குக் கம்பெனி ரிசப்ஷனில் ஏசிக்கு எட்டாத மூலை கிடைத்திருக்கிறது. ஆடிட்டர் செடிகளைப் பாராட்டி எழுதிவிட்டதால் அவை அங்கேயே இருக்க வேண்டுமாம். சனிக்கிழமைதோறும் நான் போய்ப் பார்க்கலாம். அடுத்த லாட்டும் நமக்கே.

இதோடு முடிந்திருந்தால் எழுதத் தேவையில்லை. கம்பெனியில் முன்பே இருந்த காய்ந்த செடிகளை ஆடிட்டர் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும் என்று, அதே வேனில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். இப்போது திருப்பிக் கேட்டால், “வச்சுக்கங்க” என்கிறார். முன்பைவிட அதிகம். கட்டில் மேலும் இருக்கின்றன. நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அம்மா ஒரு தொட்டியை மடியில் வைத்து, காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டார். அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது.

“பாவம், தண்ணியே காட்டல போல இருக்குது” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “ஏனுங்க, மெஷினை அக்கட்டால கொஞ்சம் நகத்துங்க” என்றார். பிறகு என்னிடம் சொன்னார்: “மாமனுக்கு எழுது கண்ணு, நாளைக்கு மூலனூர் பஸ்ல குடுத்து உட்டரலாம். ஞாயித்துக்கெழமை வர்றப்ப வெறும் முருங்கக்காயோட மட்டும் வர வேண்டாம்னு எழுது. ரெண்டு மூட்டை தொழு எரு போட்டுக் கொண்டாரச் சொல்லு.”