ஃப்ரிட்ஜ் பெட்டிக் கார் பந்தயம்

‘தயவுசெய்து கணினியை அணைக்காதீர்கள்’ என்று திரை சொல்ல ஆரம்பித்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு சதவீதம். லிஃப்ட் மெக்கானிக் அதை முதலில் கெஞ்சலாகப் பார்த்தார். பிறகு முறைத்தார். பிறகு முதுகில் தட்டிக்கொடுத்தார். முப்பத்து நான்கு, முப்பத்து நான்காகவே இருந்தது.

மணி இரண்டேகால். ஐந்து மணிக்கு மாமனார் மாமியாரின் நாற்பதாவது திருமண நாள் விருந்துக்கு மொத்தக் குடும்பமும் இந்த வீட்டுக்குத்தான் வருகிறது.

ஹாலின் நடுவில் ஆளுயர ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்று உடம்பெல்லாம் சிவப்பு பெயிண்டோடும் முகத்தில் ஒரு சதுர ஓட்டையோடும் நின்றுகொண்டிருந்தது. அந்த ஓட்டைக்குப் பின்னால் லேப்டாப் இருக்கும், அதில் கார் பந்தயம் ஓடும் என்பது திட்டம். முன்பக்கத்தில், கழித்துப்போட்ட லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய மூன்று பொத்தான்கள். இடது பக்கம் திரும்ப ஒன்று, வலது பக்கம் திரும்ப ஒன்று, ஹாரனுக்கு அலாரம் பொத்தான். அழுத்தினால் பொத்தானைச் சுற்றி ஆரஞ்சு வளையம் எரியும். அந்த வளையத்தின் அழகில் மயங்கித்தான் மனிதர் இந்த வேலையில் இறங்கினார்.

இல்லை, அது பொய். இறங்கியது சகலையால்.

சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர், ‘பிள்ளைங்களுக்கு ஒரு கேம் மெஷின் வாடகைக்கு எடுத்துட்டு வரேன்’ என்று போட்டார். மெக்கானிக்கின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலேயே பதில் எழுதிவிட்டது: ‘வாடகை எதுக்கு? நானே செஞ்சுடறேன்.’

சகலை ஒரு சிரிக்கும் மூஞ்சியை அனுப்பினார். அதற்குக் கீழே மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘நாளைக்கா மாப்பிள்ளை?’

மாமியார் வீட்டுக் குழாய் இரண்டு வருடமாகச் சொட்டுகிறது. ‘நாளைக்கு வந்து பாத்துடறேன் அத்தை’ என்று இவர் சொல்லத் தொடங்கியதும் இரண்டு வருடம் முன்புதான். அதிலிருந்து குடும்பத்தில் இவருக்கு ‘நாளைக்கு மாப்பிள்ளை’ என்று பெயர். அதையெல்லாம் அவர் துடைத்துப் போட்டுவிடுவார். ஆனால் அவருடைய எட்டு வயது மகள் எல்லோருக்கும் குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: “எங்க அப்பா செய்றாரு! நெஜ மெஷின்!” அதைத்தான் துடைத்துப் போட முடியவில்லை.

“எந்த மெஷினா இருந்தாலும் ஒரு தடவை அணைச்சுப் போட்டா வழிக்கு வரும்,” என்றார் மகளிடம். “லிஃப்ட்ல நாங்க அதைத்தான் பண்றோம்.”

“அணைக்காதீங்கன்னு எழுதியிருக்கேப்பா?”

“அது பழக்கமில்லாதவங்களுக்கு.”

அணைத்தார். திரை கறுத்தது. மறுபடி போட்டார். ஒரு வெள்ளைக் கோடு சிமிட்டியது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

“செத்துப்போச்சா?”

“ரெஸ்ட் எடுக்குது கண்ணு.”

அடுத்த ஐந்தாவது நிமிடம் மனைவியின் கைபேசி ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பொடி எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் பிளாஸ்டிக் தகடு ஒன்று அவள் மேஜையில் எப்போதும் கிடக்கும். அதை எடுத்துக் கைபேசிக்கு முன்னால் ஒட்டியதும் படம் ஓட்டை முழுக்க நிறைந்தது.

“அப்பா! பெருசாயிடுச்சு!”

சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி அலறியது. வீடியோ அழைப்பு. அவசரத்தில் இவர் எதையோ தொட, சகலையின் முகம் ஓட்டை முழுக்க விரிந்தது. மீசை மட்டும் ஒரு துடைப்பம் அளவுக்கு இருந்தது.

“என்ன சகலை, மெஷின் ரெடியா? நெத்தியில என்ன பெயிண்ட்?”

“அது வந்து... கலர் சரியா இருக்கான்னு பாத்தேன்.”

“நெத்தியிலயா? சரி, வேணும்னா கூச்சப்படாம சொல்லுங்க. வாடகைக் கடை அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்.”

“தேவையே இல்ல!” என்று மெக்கானிக் வீராப்பாக அழைப்பைத் துண்டித்தார். அந்த வீராப்பின் வேகத்திலேயே பொத்தான் கம்பிகளைக் கைபேசியோடு இணைக்கப் போனார். லிஃப்ட் பொத்தான்களுக்கு இருபத்து நான்கு வோல்ட் வேண்டும். கைபேசிக்கு ஐந்து போதும். கம்பியின் நுனி, கைபேசியின் சார்ஜர் ஓட்டையை லேசாகத்தான் உரசியது.

‘பட்.’

கருகல் வாடை வந்தது.

“அப்பா, போனும் ரெஸ்ட் எடுக்குதா?”

அதே நேரம் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். “என் போன் எங்கங்க? கேக் கடைக்காரர் வழி கேட்டு இப்ப கூப்பிடுவாரு.”

மனைவி பெட்டியைப் பார்த்தாள். பெட்டிக்குள் கிடந்த கைபேசியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

“இருபத்தி நாலு வோல்ட்,” என்றார் அவர் ஈனக்குரலில்.

“எனக்கு இப்ப எத்தனை வோல்ட் ஏறுதுன்னு தெரியுமா?”

“போனை நாளைக்கு...”

“அந்த வார்த்தையைச் சொன்னீங்க!” அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “கேக்கை நானே போய் எடுத்துட்டு வரேன். நான் வர்றதுக்குள்ள இந்தப் பெட்டியை மடிச்சு வெளிய வெச்சிருக்கணும். அப்புறம், பெட்டி மேல எழுதியிருக்கீங்களே, அது ‘பந்தையம்’ இல்ல, பந்தயம். இவ்வளவு பெரிய எழுத்துல தப்பா எழுத உங்களால மட்டும்தான் முடியும்.”

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

மகள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழுதிருந்தால்கூட மெக்கானிக் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பரவாயில்லப்பா,” என்றாள். “திருடன் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லிடலாம். நானே சொல்றேன். என்னை நம்புவாங்க.”

மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சும்மா, இடது பொத்தானை அழுத்தினார். ஆரஞ்சு வளையம் எரிந்தது. இன்றைக்கு அவர் தொட்டதில் இது ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்தது.

மறுபடி அழுத்தினார். எரிந்தது.

“கண்ணு,” என்றார் மெல்ல. “வெளிய அழுத்தினா இங்க லைட் எரியுது. இதே லைட்டை உள்ளயும் எரிய வைக்கலாம்.”

“வெச்சு?”

“உள்ள ஒரு ஆள் உக்காந்திருந்தா, எந்தப் பக்கம் எரியுதோ அந்தப் பக்கம் காரைத் தள்ளலாம்.”

மகளின் கண்கள் பொத்தான்களை விடப் பிரகாசமாக எரிந்தன.

அடுத்த இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் புயல் அடித்தது. அலமாரியிலிருந்து சாம்பல் நிறப் படுக்கை விரிப்பு வெளியே வந்தது. நீளவாக்கில் கிழித்து, முனைகளைச் சேர்த்துத் தைத்து, இரண்டு மாப் குச்சிகளில் மாட்டினார்கள். குச்சியைச் சுற்றினால் முடிவே இல்லாமல் ஓடும் சாலை. நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் மரங்கள், மகளின் பிடிவாதத்தால் சாலையைக் கடக்கும் ஒரு ஒட்டகச்சிவிங்கி. சோப்புப் பெட்டி காராகி, அடிக்கோலின் நுனியில் ஏறிக்கொண்டது. ஹாரனுக்கு, காலையிலேயே உள்ளே பொருத்தியிருந்த லிஃப்டின் நிஜ அபாய மணி.

கேக்கோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். “அது அக்கா குடுத்த பெட்ஷீட்.”

“இப்ப ரோடு.”

அவள் வாயைத் திறந்தாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சகலையின் குரலும் கேட்டது. மெக்கானிக் பெட்டிக்குள் பாய்ந்தார். “நான் கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லிடு!”

மகள் பின்பக்க மூடியைச் சாத்தி டேப் ஒட்டினாள். அப்பாவின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ஒரு சுற்றோடு விடவில்லை. முழு ரோலையும் தீர்த்தாள்.

உள்ளே முழங்கால் தாடையில் இடித்தது. நெற்றியில் டார்ச், வலது கையில் அடிக்கோல், இடது கையில் மாப் குச்சி. சாலை பளிச்சென்று தெரிந்தது. எல்லாம் கச்சிதம், ஒன்றைத் தவிர. அபாய மணியைப் பொருத்தும்போது அங்கே லேப்டாப் இருக்கப்போவதாக அவர் நினைத்திருந்தார். லேப்டாப்புக்குக் காது கிடையாது. மணி இப்போது அவருடைய காதிலிருந்து இரண்டு விரல்கடை தூரத்தில் இருந்தது.

“ஒவ்வொருத்தரா வாங்க!” வெளியே மகள் அதிகாரமாகக் கூவினாள். “ஒருத்தருக்கு மூணு நிமிஷம்!”

சகலையின் மூத்த பெண் முதலில் வந்தாள். இடது விளக்கு எரிந்தது, காரை இடது பக்கம் தள்ளினார். வலது விளக்கு, வலது பக்கம். வாயால் ‘ட்ர்ர்ர்’ என்று எஞ்சினும் ஓட்டினார். வெளியே கைதட்டல் பிளந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து அவள் ஹாரனை அழுத்தினாள்.

“ஐயோ!”

நல்லவேளை, மணிச் சத்தத்தில் தன் குரல் அமுங்கிப்போயிருக்கும் என்று தேற்றிக்கொண்டார். வெளியே ஒரு நொடி அமைதி. பிறகு கிசுகிசுப்பு. பிறகு பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில் மனைவியின் குரலும் இருந்தது. போன் கோபம் தீர்ந்துவிட்டது, அப்பாடா.

அதற்கப்புறம் கூட்டம் தாங்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். கொழுந்தியாள் வந்தாள். ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று சொல்லிக்கொண்டே மாமியார் இரண்டு தடவை வந்தார். எல்லோருக்கும் ஹாரன் மேல் ஏனோ அப்படியொரு ஆசை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வெளியே கத்தினார்கள்: “ஆறு!” “ஒன்பது!” “அத்தை பதினொண்ணு!”

மெக்கானிக் தன் மெஷினில் மதிப்பெண் எதுவும் வைக்கவில்லை. எத்தனை மரத்தைத் தாண்டினார்கள் என்று மகள் எண்ணுகிறாள் போலிருக்கிறது. கெட்டிக்காரப் பொண்ணு, என்று உள்ளேயே பூரித்தார்.

சகலையின் முறை வந்தது. அவர் குனிந்து ஓட்டை வழியாக வெகுநேரம் ஆராய்ந்தார். மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“கிராஃபிக்ஸ் பிரமாதம்,” என்றார் சகலை. “நிஜத் துணி மாதிரியே இருக்கு.” அப்புறம் பெட்டியில் காதை வைத்தார். “உள்ள ஃபேன் கொஞ்சம் இழுக்குது. சூடாயிடுச்சோ?” என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு ஹாரனை நான்கு முறை விட்டுவிட்டு அழுத்தினார்.

கடைசியில் மாமனார் வந்தார். முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, முன்னே பின்னே நகர்த்தி, உட்கார்ந்து, “கண்ணாடி எங்க?” என்று கேட்டார். இல்லை என்றதும் அதிருப்தியோடு கிளம்பினார்.

பந்தயத்தில் அவருக்கு நம்பிக்கையில்லை. ஒட்டகச்சிவிங்கி வந்தால் ஹாரன். மரம் வந்தால் ஹாரன். வளைவுக்கு முன்னால் ஒரு ஹாரன், வளைந்த பிறகு நன்றி சொல்லி ஒரு ஹாரன். மூன்று நிமிடம் போதாது என்று சொல்லி, பெரியவர் என்ற உரிமையில் பதினைந்து நிமிடம் ஓட்டினார். மெக்கானிக்கின் இடது கால் மரத்தது. வலது கால் இழுத்துப் பிடித்தது. மாப் குச்சி தாடையில் இடித்தது. வெளியே குடும்பமே சேர்ந்து எண்ணியது: “இருபத்தெட்டு! இருபத்தொன்பது!”

“கேக் வெட்டலாம் வாங்க!” என்று மனைவி குரல் கொடுத்ததும் கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது. பெட்டியின் முதுகில் கத்தி ஓடியது. “சீக்கிரம் வாங்க,” என்றாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர் தவழ்ந்து, நொண்டி, சமையலறைப் பின்கதவு வழியாக வெளியேறி, முகத்தைக் கழுவி, சட்டையை உதறிவிட்டு, வாசல் வழியாக ஒரு ஜூஸ் பாட்டிலோடு மிடுக்காக நுழைந்தார்.

“வாங்க மாப்பிள்ளை!” மாமனார் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். “இத்தனை நேரம் எங்க போயிட்டீங்க?”

“கடையில பயங்கரக் கூட்டம் மாமா. நகரவே முடியல.”

“அது சரி, நகர முடியாது,” என்றார் மாமியார்.

“மெஷின் பிரமாதம் சகலை,” என்றார் சகலை. முகத்தில் கேலியே இல்லை. “உள்ள என்ன சாஃப்ட்வேர்?”

மகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடியில் அவருக்குக் கொம்பு முளைத்தது. “சொந்தமா எழுதினது,” என்றார். “நீங்க பொத்தானை அழுத்தினா சிக்னல் நேரா மூளைக்குப் போகும். அது கணக்குப் போட்டு காரைத் திருப்பும். மனுஷக் கையே படாது. எல்லாம் தானா நடக்கும்.”

மொத்தக் குடும்பமும் கேக் தட்டோடு அசையாமல் நின்று கேட்டது. கொழுந்தியாள் மட்டும் இருமிக்கொண்டே வேறு அறைக்குப் போனாள்.

“சரி சரி,” என்றார் மெக்கானிக், பெருந்தன்மையாகக் கையை விரித்து. “யாரு ஃபர்ஸ்ட் வந்தது?”

சகலையின் கடைக்குட்டி, மூக்கு நுனியில் கிரீமோடு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“தாத்தாதான் சித்தப்பா! உங்களை முப்பத்தொரு தடவை ‘ஐயோ’ சொல்ல வெச்சாரு!”