வா என்று சொல்லாத வீடு

வந்தவரை 'வாங்க' என்று சொல்லாமலே ஓர் ஆயுளை ஓட்டிவிடலாம் என்று காட்டிய ஒரே மனிதர், ஒரத்தநாட்டில் எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த 'கடுகடு'தான்.

கீழே அவருடைய வீடும் உரக்கடையும், மாடியில் நான். அவரைத் தாண்டித்தான் படியேற வேண்டும். ஆபீஸில் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவன் வீட்டு வாசலிலும் வாங்கிக் கட்டிக்கொள்வதென்றால் எவ்வளவு அலுப்பு!

"யூரியா இருக்குங்களா?" என்பார் ஒரு விவசாயி.

"உரக்கடையில வேற என்ன இருக்கும், ஜவுளியா?"

"அப்ப ஒரு மூட்டை குடுங்க."

"அதுக்கு ஏன் காலங்காத்தால வந்து உசுரை எடுக்குற?"

தெருவில் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தால் 'முகம் குடுக்கலை'. பேசி விரட்டினால் 'வள்ளுனு விழுந்தாரு'. பேசாமலே விரட்டினால் 'உம்முனு இருந்தாரு'. இவற்றையெல்லாம் ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். 'வான்னு ஒரு வார்த்தை சொல்லலை' என்பதை மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள்.

தாயில்லாத அவருடைய ஒரே மகள் மலருக்கு வந்த இரண்டு வரன்களும் அந்த ஒரு வார்த்தையில்தான் தட்டிப்போயின. மூன்றாவதாகச் சீர்காழியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவள் மாடியேறி வந்தாள்.

"சார், நீங்களும் வாசல்ல நில்லுங்க. அப்பா வாயைத் திறக்குறதுக்குள்ள நீங்க வாங்கன்னு சொல்லிடுங்க."

கால் கடுக்க நின்றேன். வேன் வந்தது. நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இந்த வெயில்ல எதுக்கு இத்தனை பேரு?"

மாப்பிள்ளையின் அம்மா படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார்.

கூப்பிட்ட பிறகுதான் பெண் வெளியே வரவேண்டும். மலரோ பாதி வைத்த பூவோடு ஓடி வந்தாள்.

"வாங்க அத்தை, வாங்க மாமா! உள்ள ஃபேன் போட்டிருக்கு, வந்து உக்காருங்க."

அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "பரவாயில்லை, இந்த வீட்டுலயும் வான்னு சொல்ல ஆள் இருக்கு" என்று செருப்பைக் கழற்றினார்.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. மலர் சீர்காழிக்குப் போன மறுநாள் சாயங்காலம், படியேறப் போனவன் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன?"

"சும்மாதான் வந்தேங்க."

"சும்மா எதுக்கு வரணும்?"

எனக்கும் அசதி. "சரி, வரேங்க" என்று திரும்பினேன்.

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

குரலில் அதே கடுகடுப்பு. உட்கார்ந்துகொண்டேன். அவரை அப்படித் தனியாக விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனசே வரவில்லை.