மெருகுச் சித்தரும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும்

அந்தக் கார் கொட்டகையில் அன்று கால் வைக்க இடமில்லை. ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் வண்டியோடு வந்துவிட்டார்கள். மெருகுச் சித்தர் வந்திருந்தார் அல்லவா! மனிதர்களின் பிணி தீர்க்கிற சாதாரண சித்தர் இல்லை இவர். கார்களின் பிணி தீர்ப்பவர். வெள்ளை அங்கி, நெஞ்சு வரை தாடி, கையில் ஒரு நீலக் குப்பி. மந்திரம் ஓதி அந்தக் குப்பித் திரவத்தைத் தடவினால் பெயிண்ட்டில் விழுந்த கீறல்கள் மாயமாகிவிடுமாம்; மழையும் வெயிலும் அண்டாத கவசமாகவும் நிற்குமாம். "என் வண்டி மூணு நாளா மன வேதனையில இருக்கு சாமி" என்று ஒருவர் தேம்பி அழுதார். வண்டி பேசாமல் நின்றது.

முன்வரிசையில் கைகட்டி நின்றவர் பல் மருத்துவர். எக்ஸ்ரே பார்க்காமல் எவர் பல்லையும் தொடாதவர். அவருடைய சிவப்புக் கார் இறந்துபோன அண்ணனுடையது. அண்ணன் தன் கையாலேயே பெயிண்ட் அடித்து முடித்த ஆறாம் மாதம் போய்விட்டார். அந்தச் சிவப்பை மருத்துவர் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். தினமும் காலையில் காய்ந்த துணியால் பானெட்டை அழுத்தி அழுத்தித் துடைப்பார். அப்படியும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

சித்தருக்கு உடனே புரிந்தது. பானெட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"எல்லாம் திருஷ்டிக் கோடு. ஊர்க்கண்ணு கீறி வச்சிருக்கு. செத்தவரோட ஆசையும் உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு."

"எங்க அண்ணனோட ஆசையா சாமி?" மருத்துவர் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

சித்தர் முணுமுணுத்துக்கொண்டே நாலு சொட்டு விட்டு ஓர் ஓரத்தில் தேய்த்தார். கோடுகளைக் காணோம்! கூட்டம் கைகூப்பியது. மற்ற வண்டிகளுக்கும் வரிசையாகத் தடவி முடித்தார். பிறகு கட்டளைகள் வந்தன.

"நாப்பது நாள் தண்ணி படக்கூடாது. வெயில்ல நிறுத்தக்கூடாது."

மழையிலிருந்து காக்க வந்த கவசத்துக்கு மழை ஆகாது; வெயிலிலிருந்து காக்க வந்ததற்கு வெயில் ஆகாது. இதைக் கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

"ஆனா உங்க வண்டிக்கு இது போதாது டாக்டர். இந்தச் சிவப்பையே கல்லு வச்சு தேய்ச்சு எடுத்துடணும். இப்பவே ஆரம்பிக்கிறேன்."

மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். சித்தர் கல்லை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க தம்பி."

அண்ணி. அந்தச் சிவப்பைக் கலக்கிக் கொடுத்ததே அவர்தான். கொட்டகை அலமாரியிலிருந்து, கதவுக் கீலுக்கு விடும் எண்ணெயை எடுத்து வந்து பானெட்டின் மறு ஓரத்தில் தடவினார். அங்கேயும் கோடுகளைக் காணோம்.

"நான் எந்த மந்திரமும் சொல்லல. கீலுக்கு விடுற எண்ணெய். கீறல்ல எண்ணெய் நிறைஞ்சா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்ப ரெண்டையும் சோப்புத் தண்ணி விட்டுக் கழுவிப் பாப்போம்."

"கூடாது!" சித்தர் அலறினார். "நம்பாதவங்க கை பட்டா கோடு திரும்பி வந்துடும்!"

"சரி, என் கை வேண்டாம். தம்பியே கழுவட்டும். அவரவிட உங்கள நம்புறவங்க இங்க யாரு?"

மருத்துவர் இரண்டு ஓரத்தையும் கழுவினார். வண்டியை வெயிலுக்குத் தள்ளினார்கள். கீல் எண்ணெய் பட்ட இடத்திலும் கோடு. மந்திர எண்ணெய் பட்ட இடத்திலும் அதே கோடு.

"அப்ப இதெல்லாம் யார் போட்டது அண்ணி?"

"நீங்கதான். தூசியோட சேர்த்துக் காய்ஞ்ச துணியால தேய்ச்சா கீறாம என்ன செய்யும்? ஊர்க்கண்ணுக்கு நகம் கிடையாது தம்பி. துணியில ஒட்டின மண்ணுக்கு இருக்கு. முதல்ல தண்ணி ஊத்தி மண்ணப் போக்குங்க, அப்புறம் துடைங்க. கோடு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். சிவப்பையே எடுத்துட்டா, திரும்ப அடிக்க உங்க அண்ணனையா எழுப்புவீங்க?"

மருத்துவர் வெட்கத்தில் குறுகிப்போனார். அண்ணன் கைபட்ட சிவப்பின் மேல் கல்லை வைக்கத் தலையாட்டியவர் அவர்தானே! சித்தரின் கையிலிருந்த கல்லைப் பிடுங்கி வெளியே எறிந்தார். சித்தர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓட்டமெடுத்தார். குப்பியைக்கூட எடுக்கவில்லை.

எல்லோரும் வாளியைத் தேடி ஓடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? மூன்று பேர் கழுவினார்கள். மற்றவர்கள் அவரவர் வண்டியை நிழலுக்கு நகர்த்தினார்கள். தேம்பி அழுதவர் தன் காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான் கழுவ மாட்டேன்மா. கழுவாத வரைக்கும் என் வண்டியில கோடு இல்ல. எனக்கு நம்பிக்கை இருக்கு."

அண்ணி வாளியை அவர் காலடியில் வைத்தார்.

"ஒரு வாளி தண்ணிக்கே பயப்படுதுன்னா, அது நம்பிக்கை இல்லீங்க. எண்ணெய்."