சுக்கானியின் வலக்கண்

கொட்டியாரக் குடாவில் படகோட்டியவர்களில் சுக்கானியைப் போன்ற பிடிவாதக்காரரை மீன்கூடக் கண்டிருக்காது. படகின் சுக்கானைப் பிடித்துத் திருப்புகிறவர் என்பதால் சுக்கானி; சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னால், கடலுக்குத் தன்னை அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பார்.

வெயிலும் உப்புக்காற்றும் பட்டு, அவருடைய வலக்கண்ணில் மூக்குப் பக்கமிருந்து ஒரு சதை கருமணியை நோக்கி வளர்ந்தது. அவர் தலையைச் சரித்து இடக்கண்ணால் படகோட்டினார். பயணிகளும் கூடவே தலையைச் சரித்தார்கள். மூதூரில் இறங்கிய ஆடுகூடச் சரிந்தே நடந்ததாகக் கதை.

பார்வை மங்கினால் படகின் சொந்தக்காரர் சுக்கானைத் தன் கையில் தரமாட்டார் என்ற பயம் வந்தபிறகுதான் கண் மருத்துவரிடம் போகச் சம்மதித்தார். மருத்துவருக்குச் சிங்களம் மட்டும்தான். மொழிபெயர்க்க, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியனான என்னைக் கூட்டிப்போனார்.

காலையிலிருந்து மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து களைத்துப்போனேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சதையை வெட்டி மட்டும் விடலாம். அன்றைக்கே முடியும், ஆனால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். அல்லது வெட்டிய இடத்தில், அதே கண்ணின் மேலிமைக்குக் கீழிருந்து மெல்லிய சவ்வை எடுத்து வைத்துத் தைக்கலாம், பசையால் ஒட்டவும் செய்யலாம். திரும்ப வளர்வது குறைவு, ஆனால் இன்னொரு நாள் வரவேண்டும். இதுதான் நல்லது என்றும் சொன்னார்.

நான் அவ்வளவையும், இன்றைக்கே வெட்டிவிடலாமாம் என்று சுருக்கினேன். வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும்போல் இருந்தது. வேறு காரணமில்லை.

அன்றைக்கே வெட்டினார்கள். சில மாதங்களில் சதை முன்னையிலும் தடிப்பாகத் திரும்பி வந்தது. மறுபடி அதே மருத்துவர். இம்முறை நான் ஒன்றையும் விடவில்லை. சிலருக்குப் பிள்ளைப்பேற்றில் கிடைக்கும் சவ்வையும் வைப்பார்களாம் என்று நான் மொழிபெயர்த்ததும், அப்படியென்றால் கண்ணுக்குத் தொட்டில் கட்டவேணும் என்றார் சுக்கானி. சொந்தச் சவ்வே போதுமென்று முடிவானது. ஒட்டின பலகையை நம்பிக் கடலுக்குப் போனவனைத் தான் கண்டதில்லை என்று வாதாடித் தையலே போடவைத்தார்.

கட்டுப் போட்ட கண்ணோடு வெளியே வந்தவரிடம், முதல்முறை நான் மறைத்ததைச் சொன்னேன்.

"தெரியும், மாஸ்டர். சிங்களம் விளங்காமத் துறைமுகத்தில இவ்வளவு காலம் சீவிக்க ஏலுமோ?"

"அப்ப ஏன் பேசாம இருந்தனீங்கள்?"

"உங்கட முகம் நல்லாக் களைச்சிருந்தது. இன்னொருக்கா வாங்கோ எண்டு கேக்க மனம் வரேல்லை."

"சிங்களம் விளங்குமெண்டா என்னை ஏன் கூட்டிவந்தனீங்கள்?"



"தனியப் போகப் பயம்."

சதை இதுவரை திரும்பவில்லை. சுக்கானும் அவர் கையில்தான். நாளைக்குக் கண்ணைக் காட்டப் போகவேண்டுமாம். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. இருந்தும் விடியவே எழும்பி, முகம் மழித்து, களைப்புத் தெரியாமல் அவருக்குப் பக்கத்தில் போய் இருக்கப் போகிறேன்.