கையைப் பிடிக்க ஓர் ஆள்

"நாலு எண்ணி மூச்சை இழு. ஏழு எண்ணி நிறுத்து."

"முதல்ல நீங்க எண்ணுறதை நிறுத்துங்க" என்றாள் மனைவி, பல்லைக் கடித்தபடி.

நெருக்கடியில் நிதானமாக இருப்பது எப்படி என்று கம்பெனி கம்பெனியாகப் போய் வகுப்பெடுப்பது அவர் தொழில். அலுவலகத்தில் வைத்த பெயரே 'நிதானம்'. பிரசவ அறைக்குள் வந்த இரண்டு மணி நேரத்தில் நிதானத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிரசவத்தின்போது கூடவே இருக்க, அதையே தொழிலாகச் செய்யும் ஒரு பெண்மணியை அவள் பேசி வைத்திருந்தாள். "நான் இருக்கேன்ல, மூணாவது ஆள் எதுக்கு?" என்று இவர்தான் வேண்டாமென்றார்.

"தலைப்பிரசவத்துக்கும் இருந்தீங்க. கேன்டீன்ல. உள்ள பதினாறு மணி நேரம் நான் தனியாக் கிடந்தேன்."

அந்தப் பதினாறு மணி நேரமும் இப்போது அவள் கண்ணில் வந்து நின்றது.

வெயில் அவள் முகத்தில் அடித்தது. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஜன்னல் திரையை இழுத்தார். துணி கிழிந்து, கம்பியோடு கையில் வந்தது. சத்தத்தில் அவள் அலற, கருவியில் குழந்தையின் இதயத் துடிப்பு நூற்று நாற்பதிலிருந்து மளமளவென்று இறங்கியது.

நர்ஸ் ஓடி வந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். எண் மெல்ல ஏறியது.

"பயத்துல உடம்பை இறுக்கிக்கிறாங்க. இன்னொரு தடவை இறங்குச்சுன்னா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. திரைக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க எதையும் தொடாதீங்க சார்."

அவர் மனைவியின் முதுகைத் தொட்டார்.

"ஐஸ்கட்டி மாதிரி இருக்கு, எடுங்க." பிறகு, சத்தமே இல்லாமல், "நான் பொழைக்க மாட்டேங்க. யாரையாவது வரச் சொல்லுங்க" என்றாள்.

வேண்டாமென்று சொன்ன அதே பெண்மணிக்குப் போன் செய்தார். "இதோ கிளம்பிட்டேன் சார்" என்றது குரல்.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் இஞ்ச் டேப்.

"வணக்கம் ஐயா, நான் வந்து..."

"அறிமுகமெல்லாம் அப்புறம்மா. உக்காருங்க." அவள் கையை இழுத்து மனைவியின் கையில் வைத்தார். மனைவி இடுக்கிபோலப் பற்றிக்கொண்டாள்.

வந்தவள் ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். சிக்கிய கையை ஒருமுறை பார்த்தாள். உட்கார்ந்தாள்.

"புடிச்சுக்கம்மா. நான் எங்கயும் போகல."

எண்ணவில்லை, பாடம் நடத்தவில்லை. வலி வந்தபோது, "வருதா, வரட்டும். போயிடும்" என்று வியர்வையைத் துடைத்தாள். மனைவியின் தாடை தளர்ந்தது. எண் நூற்று நாற்பதில் நின்றது. நிதானம் திரைக்கம்பியை அணைத்தபடி மூலையில் நின்று, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் ஏழு முறை அதிர்ந்தது. பார்க்காமலே ஏழு முறையும் துண்டித்தார்.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை வீறிட்டது. அவருக்கும் குரல் திரும்பியது.

"இதுக்குப் பேர்தான் முறையான பயிற்சி" என்றார் நர்ஸிடம். "ஒரு வார்த்தை அதிகம் இல்ல, கவனிச்சீங்களா? பிள்ளையை அளக்க டேப்போட வந்திருக்காங்க. என்னோட அடுத்த வகுப்புல இவங்களைப் பேச வைக்கப் போறேன்."

பெண்மணி சிவந்துபோன விரல்களை உதறிவிட்டுக் கொண்டாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள்.

"அந்தக் கம்பியைக் குடுங்க ஐயா, இப்பவாவது ஜன்னலை அளந்துக்கறேன். திரை தைக்கணும்னு கூப்பிட்டாங்க, வந்து நாலு மணி நேரமாச்சு."