நீலமா, சிவப்பா?

இனிமேல் இந்த வீட்டில் தன் முடிவுதான் முடிவு என்று ஆர்லோ தீர்மானம் போட்டான். கராஜுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகத்தான் போட்டான்.

சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தும் ஈயமும் வைத்து மறுபடி தோட்டாவாக்க அவனிடம் ஒரு கிழட்டு இயந்திரம் இருந்தது. ஒரு தோட்டாவுக்கு நாலு தடவை கைப்பிடியை இழுக்க வேண்டும். புது ரகத்தில் இழுப்புக்கு ஒன்று வந்து விழும். மொன்டானா மாநிலத்திலேயே அதை வாங்காத ஆம்பளை தான் ஒருத்தன்தான் என்று அவனுக்கு நினைப்பு. ஒரு கம்பெனி அதை நீல நிறத்தில் செய்தது, இன்னொன்று சிவப்பில்; நீலமா சிவப்பா என்று ஏழு மாதமாகக் குழம்பினான். வீட்டில் அவனுக்கென்று இருந்தது அந்த மேசை ஒன்றுதான். அங்கே தப்பு நடக்கக் கூடாது.

மனைவி வெர்னா தடுக்கவே இல்லை. அதுதான் உதைத்தது.

“வாங்கேன், யாரு வேணாங்கறா?” என்றாள், இடக்கையால் காபியைக் கலக்கிக்கொண்டே. “நீலத்தையே வாங்கு. மருந்து விழலேன்னா அதுல மணி அடிக்குமாம்.”

ஆர்லோவுக்குப் பகீரென்றது. “உனக்கு எப்படித் தெரியும்?”

“யாரோ சொன்னாங்க.”

“யாரு, பக்கத்து வீட்டு ரஸ்ஸா?”

“ஊர்ல வேற ஆளே இல்லையா? ஏன் இப்படி முழிக்கற?”

ரஸ் நீலக் கட்சி; எப்போதும் நீல மெஷினைத்தான் புகழ்வான். ஆர்லோ கணக்குப் போட்டான். வியாழக்கிழமைதோறும் போர்வை தைக்கும் சங்கத்துக்குப் போய்வரும் வெர்னாவின் கோட்டில் வெடிமருந்து வாசம். போன வாரம் துவைக்கிற மெஷினுக்குள் ஒரு பித்தளைக் கூடு உருண்டது. சந்தேகமே இல்லை, தான் வேலைக்குப் போன நேரத்தில் ரஸ் வந்து தன் மேசையில் உட்கார்ந்து தோட்டா செய்கிறான். இவளும் விட்டுவைக்கிறாள். அவனுக்கு வசதியாக நீலம் வேறு வேண்டுமாம்!

ஆர்லோ சிவப்பை வாங்கினான்.

“அட, சிவப்பா?” வெர்னாவின் முகம் வாடியது. “சரி, உன் இஷ்டம்.”

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. சீட்டியடித்தபடி போல்ட் வாங்கக் கடைக்குப் போனான்.

திரும்பியபோது சிவப்பு இயந்திரம் பழைய போல்ட்டுகளிலேயே மேசையில் முறுக்கப்பட்டு நின்றது. வெர்னா கண்ணாடி மாட்டிக்கொண்டு கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். இடக்கையால். தோட்டாக்கள் மளமளவென்று விழுந்தன.

“கைப்பிடி ஏன் அந்தப் பக்கம் இருக்கு?”

“சிவப்புலதான் இடப்பக்கம் மாத்தலாம். நீலத்துல முடியாது.”

“அப்ப நீலம் வாங்குன்னு சொன்னியே?”

“சிவப்புன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?”

ஆர்லோ வாங்கிவந்த போல்ட்டுகளைக் கீழே வைத்தான். “போர்வைச் சங்கம்?”

“மழை பெய்ஞ்சா தைப்போம், இல்லேன்னா சுட்டுப் பழகுவோம். வர்ற சனிக்கிழமை எங்களுக்குத் துப்பாக்கிப் போட்டி.”

“என் பழைய மெஷின் எங்க?”

“ரஸ்ஸுக்குக் குடுத்துட்டேன். பாவம், அவர் பொண்டாட்டியும் எங்க சங்கம்தான், அவங்க வீட்டு நீலத்தை விட்டு நகர மாட்டேங்கறா.”

ஆர்லோ முக்காலியில் உட்கார்ந்தான்.

“நீயும் வா,” என்றாள் வெர்னா, வேலையை நிறுத்தாமல். “நாங்க சுட்ட கூட்டையெல்லாம் குனிஞ்சு பொறுக்க ஆள் வேணும். வாளி நீலமா, சிவப்பாங்கறது உன் முடிவுதான்.”