எங்கள் வீட்டு உமிழ்வுக் குறைப்பு

பூமியைக் காப்பாற்றுவதென்று நான் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு. முடிவு முழுக்க என்னுடையது என்று சொல்ல முடியாது. நான் வேலை செய்யும் காப்புறுதிக் கம்பனியை ஒரு நோர்வேக் கம்பனி வாங்கி ஒரு வருடமாகிறது. தங்கள் கட்டடங்களைச் சூடாக்குவதிலும் குளிராக்குவதிலும் வெளிவரும் காபனை இன்னும் சில வருடங்களில் பாதியாக்கப் போகிறார்களாம். அந்தப் பாதியில் யாழ்ப்பாணக் கிளையின் பங்கைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். முகாமையாளர் அடைக்கலநாதன் கந்தோரைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"றூபன், நீர்தான் காலநிலைப் பொறுப்பதிகாரி," என்றார்.

முதல் வேலை, ஒஸ்லோவிலிருந்து வந்த படிவத்தை நிரப்புவது. முதல் கேள்வியே எங்களைக் கவிழ்த்துவிட்டது. 'உங்கள் கட்டடத்தை வெப்பமாக்கப் பயன்படும் சக்தி எது?'

"உவங்கள் என்ன கேக்கிறாங்கள்?" என்றார் அடைக்கலநாதன், கழுத்தைத் துடைத்தபடி. "கட்டடத்தை நாங்கள் வேறை சூடாக்க வேணுமோ?"

"பெட்டியை வெறுமையா விடேலாது சேர். விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகுதில்லை."

"அப்ப சூரியன் எண்டு எழுதும்."

எழுதினேன். நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம்? பன்னிரண்டு. இயங்காத நாட்கள்? மழை நாட்கள். இரண்டு கிழமையில் பாராட்டுக் கடிதம் வந்தது. முற்றுமுழுதாகப் புதுப்பிக்கத்தக்க சக்தியால் வெப்பமூட்டப்படும் ஒரே கிளை நாங்கள்தானாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம்.

அந்த வெற்றி எனக்குத் தலைக்கேறிவிட்டது.

கடிதத்தோடு ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. கந்தோரில் ஏசியைக் குறைப்பதற்காக, நாங்கள் கிழமைக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும். ஆனால் வீட்டு ஏசியும் கணக்கில் வரும். மாசியிலிருந்து சித்திரை வரை, போன வருடத்தைவிட எந்த வீட்டு மீற்றர் அதிகம் குறைந்து ஓடுகிறதோ, அந்த வீட்டுக்கு முதற்பரிசு. ஒஸ்லோவில் இரண்டு கிழமைப் பயிற்சி. ஒரு விமான ரிக்கற்.

எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. ஒன்பது வீட்டுக்காரர் கனடா, லண்டன், பிரான்ஸ் என்று போய்வந்தவர்கள். பத்தாவது வீட்டு நாய்க்குச் சுவிசிலிருந்து பிஸ்கற் வருகிறது. நான் கடல் தாண்டிப் போனது நெடுந்தீவுக்கு. அதிலும் போட்டில் தலைசுற்றிச் சத்தி எடுத்தேன்.

குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று. என் மனைவி ஷாமினியின் ஏசி.

ஷாமினி கலியாணக் கேக்குக்கு ஐசிங் போடுகிறவள். மணமக்களுக்கு முன்னால் நிற்கும் அந்த மூன்றடுக்குக் கேக், உண்மையில் கேக்கே அல்ல. உள்ளே றெஜிபோம் என்னும் பாரமில்லாத வெள்ளை அட்டை, வெளியே ஐசிங். அதை ஸ்ட்ரக்சர் என்பார்கள். கத்தி போகிற ஒரு மூலையில் மட்டும் கேக் இருக்கும். எங்கள் வெய்யிலில் ஐசிங் ரோசாப்பூ அரை மணித்தியாலத்தில் குழம்பாகிவிடும். அதனால் முன் அறையில் காலை தொடங்கிப் பின்னேரம் வரை ஏசி ஓடும். பதினெட்டுப் பாகையில். போட்டால் ஏசி, நிறுத்தினால் ஏச்சு. இரண்டிலொன்று எங்கள் வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று பின்னேரம் துணிந்து வாயைத் திறந்தேன்.

"இஞ்சை பாரும் ஷாமினி, நாளையிலிருந்து ஏசி இல்லை."

"ஏன், பழுதோ?"

"இல்லை. காபன் உமிழ்வு."

"ஆர் உமிழ்ந்தது?"

"ஏசிதான்."

"எங்கை? இப்பதானே கூட்டித் துடைச்சனான்."

"உது துப்பல் இல்லையப்பா. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததை எப்பிடிக் குறைப்பியள்?"

"மீற்றரைப் பாத்து. நிகர பூச்சியம் எண்டு ஒரு இலக்கு இருக்கு. கடைசியிலை எல்லாரும் பூச்சியமாக வேணும்."

"நீங்கள் கலியாணம் கட்டின அண்டைக்கே அந்த இலக்கை அடைஞ்சிட்டியள். பேந்தென்ன அவசரம்?"

நான் மூச்சை இழுத்துவிட்டு ஒஸ்லோவைப் பற்றிச் சொன்னேன். பனி, மலை, பயிற்சி, விமானம். அவள் ஐசிங் பையைக் கீழே வைத்தாள்.

"எத்தினை ரிக்கற்?"

"ஒண்டு. ஆனா உமக்கொரு நல்ல ஸ்வெற்றர் வாங்கியருவன்."

"ஏசியும் இல்லாத வீட்டிலை ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு நான் அவியவோ? உந்தச் சுற்றறிக்கையை ஒருக்காத் தாங்கோ."

கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம். பிறகு மடித்துத் தந்துவிட்டு, "ஓம், நிப்பாட்டுவம்," என்றாள்.

அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு உடனே ஓம் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. கலியாணத்தன்று போதகர்கூட இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"அப்ப உம்மடை ஐசிங்?"

"அடுத்த ஒழுங்கைக் கிறிஸ்ரினா அக்கா வீட்டிலை ஏசி இருக்கு. செவ்வாயும் வியாழனும் அங்கை போய்ப் போடுறன்."

"அந்த ரெண்டு நாளும் நான் வீட்டிலை எல்லோ?"

"அதுதான் வசதி. வீட்டுக்கும் ஒரு காவல் வேணும்."

மாசியை ஒருவாறு தாண்டினேன். பங்குனியில் சீமெந்து மேல்தட்டு தோசைக்கல் ஆகிவிட்டது. செவ்வாயும் வியாழனும் நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தேன். முன் அறையில் ஐந்து நிமிடம், குசினியில் மூன்று நிமிடம், குளியலறை வாசலில் பத்து நிமிடம். எங்கே இருந்தாலும் வேறோர் இடத்தில் காற்று வருவதுபோல் இருக்கும். போனால் அது இங்கே வந்துவிட்டதுபோல் இருக்கும். இடையிடையே ஓடிப்போய் மீற்றரைப் பார்ப்பேன். ஒருநாள் அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்தபோது, மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தங்கமுத்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கர்த்தரை விட்டிட்டு மீற்றரைக் கும்பிடுறியளோ?"

இன்னொரு நாள், ஈரத் துவாயைத் தலையில் சுற்றியபடி ஒஸ்லோவோடு காணொளிக் கூட்டத்தில் இருந்தேன். அது உங்கள் பாரம்பரிய உடையா என்று அங்கிருந்த ஒருத்தி மரியாதையாகக் கேட்டாள். ஓம் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டு மீற்றர் நொண்டி நொண்டி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கந்தோரில் ஒரு மர்மம் முளைத்தது. ஒஸ்லோக்காரர் அறைக்கொரு சின்ன மீற்றர் பூட்டியிருந்தார்கள். என் அறை திங்கள், புதன், வெள்ளியில் இருபத்தாறு பாகையில் ஒழுங்காக இருந்தது. செவ்வாயும் வியாழனும் பதினெட்டு. நான் இல்லாத நாளில் என் அறை குளிர்ந்துகொண்டிருந்தது.

அடைக்கலநாதனிடம் முறையிட்டேன்.

"நீர் இல்லாத நாளிலை இஞ்சை எல்லாருக்கும் மனம் குளிருது, றூபன். அறைக்கு மட்டும் குளிரக் கூடாதோ?" என்றார்.

சிரித்தேன். முகாமையாளரின் பகிடிக்குச் சிரிக்காவிட்டால் அது வேறு கணக்கில் வரும். ஆனால் நித்திரை வரவில்லை. இதற்கிடையில் என் கீபோட்டுக்குள் எறும்பு. மேசை லாச்சிக்குள் எறும்பு. நாட்காட்டியில் சித்திரை மாதம் முழுக்க எறும்பு.

கடைசி வியாழன் காலை பதினொரு மணிக்குப் பொறுக்க முடியாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கந்தோருக்குள் புகுந்து என் அறைக் கதவைப் பட்டென்று திறந்தேன்.

நெடுந்தீவுக் கடல்காற்றுப்போல் குளிர் முகத்தில் அடித்தது. என் மேசையில் மூன்றடுக்கு ஸ்ட்ரக்சர். என் கதிரையில் ஷாமினி. பக்கத்தில் அடைக்கலநாதன், இரண்டு கையாலும் ஒரு தட்டு ரோசாப்பூவை ஏந்தியபடி.

"கதவைச் சாத்துங்கோப்பா! குளிர் வெளியிலை போகுது!" என்றாள் ஷாமினி.

"கிறிஸ்ரினா அக்கா வீடெண்டெல்லோ சொன்னனீர்?"

"அவவின்ரை ஏசி முதல் கிழமையே படுத்திட்டுது. இஞ்சை ஒரு அறை சும்மாதானே கிடக்குது எண்டு சேரிட்டைக் கேட்டன்."

"றூபன், குறை நினையாதையும்," என்றார் அடைக்கலநாதன். "சனிக்கிழமை என்ரை மகள் ஜொய்சியின்ரை கலியாணம். உது உருகினால் சம்பந்தியாக்களுக்கு முன்னாலை நான் உருகிப்போடுவன்."

"சேர், என்ரை அறையின்ரை உமிழ்வு!"

"கத்தாதேங்கோ," என்றாள் ஷாமினி. "ரோசாப்பூவுக்கு வேர்க்குது."

"பூமிக்கு வேர்க்குது!"

"வீட்டு மீற்றர் குறைஞ்சுதோ, இல்லையோ?"

"குறைஞ்சுது. எழுபத்திரண்டு வீதம்."

"பேந்தென்ன? கந்தோர்க் காபன் கந்தோரின்ரை தலையிலை, வீட்டுக் காபன் வீட்டின்ரை தலையிலை. ரெண்டையும் கலக்கக் கூடாது. சுற்றறிக்கை, ரெண்டாம் பக்கம்."

நான் முதலாம் பக்கத்துப் பனிமலைப் படத்தோடு நின்றுவிட்டவன். அதை எப்படிச் சொல்வது? யோசித்துப் பார்த்தேன். அறிக்கை எழுதினால் முகாமையாளர் போவார், என் மனைவி போவாள், ஒஸ்லோவும் போகும். எழுதாவிட்டால் எழுபத்திரண்டு வீதம் அப்படியே நிற்கும்.

கதவைச் சாத்தினேன். உள்ளே நின்றுகொண்டுதான். மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்கு முதல்முறையாக வேர்க்காமல் இருந்தது.

கலியாணம் நல்லபடி நடந்தது. பத்து நாளில் முடிவு வந்தது. எங்கள் வீடுதான் முதலாவது! கந்தோர் முழுக்க என் மேசையைச் சுற்றி நின்றது. அடைக்கலநாதன் கடிதத்தை உரத்து வாசித்தார். நான் நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"'வீட்டு மின்பட்டியல் எவருடைய பெயரில் உள்ளதோ, அவரே பரிசுக்குரியவர்,'" என்று வாசித்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "றூபன், உங்கடை கரண்ட் பில் ஆரின்ரை பேரிலை?"

எங்கள் ஊரில் இது கேட்கிற கேள்வியா? வீடு சீதனம். உறுதிப் பத்திரம் அவள் பெயரில். கரண்ட் அவள் பெயரில். கிணற்று மோட்டருக்குக்கூட உத்தரவாதச் சீட்டு அவள் பெயரில். கந்தோர் முழுக்க ஒரே நேரத்தில் தலை குனிந்து எழுதத் தொடங்கியது.

வீட்டுக்கு ஓடினேன். ஷாமினி சூட்கேசை வெய்யிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுப் பாஸ்போட்.

"உதை எப்ப எடுத்தனீர்?"

"மாசியிலை."

"அப்ப மூண்டாம் பக்கம் உமக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"அதைத்தானே ரெண்டு தரம் வாசிச்சனான். நீங்கள் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்."

"பரிசை மாத்தி எழுதலாமோ எண்டு கேட்டுப் பாப்பமே?"

"அதுக்கு வீட்டை மாத்தி எழுதவேணும். என்ரை அப்பாவிட்டை நீங்களே கேளுங்கோ."

நான் கேட்கவில்லை.

வைகாசியில் அவள் விமானம் ஏறினாள். இங்கே காண்டாவனம் என்னும் உச்ச வெய்யில் காலம் தொடங்கியது. காகம்கூட நிழலில் நடந்து போனது. மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டில் ஒருவரும் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, முன் அறை ஏசியைப் போட்டுவிட்டு நிலத்தில் படுத்தேன். சொர்க்கம். போன் அடித்தது.

"இஞ்சருங்கோ, ஏசியை நிப்பாட்டுங்கோ."

"நான் போடேல்லையே."

"போட்டு ஏழு நிமிசம். பதினெட்டிலை. பரிசு வெண்ட வீட்டு மீற்றரை என்ரை போனோடை இணைச்சு விட்டிருக்கினம். எல்லாம் காட்டுது."

"அங்கை எப்பிடி?"

"வைகாசியிலையும் விறைக்குது. அறையிலை ஹீட்டரை இருபத்தேழிலை விட்டிட்டு, போர்த்திக்கொண்டு இருக்கிறன்."

"அது உமிழ்வில்லையோ?"

"அது ஒஸ்லோவின்ரை தலையிலை. நீங்கள் எழும்பி நிப்பாட்டுங்கோ, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நிறுத்தினேன். அதற்குப் பிறகு மின்விசிறியைக்கூடப் போடவில்லை. இரண்டு கிழமையும் மீற்றர் ஆடாமல் அசையாமல் நின்றது. ஒஸ்லோ அசந்துபோய்விட்டது. வெறும் துவாயோடு நான் சேமித்த அத்தனை அலகையும் பாராட்டி, ஷாமினிக்கு இன்னும் இரண்டு கிழமை நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.